கட்ச்சுக்குப் போற பொண்ணு

"வேலை முடிஞ்சிருச்சு. லைனை சார்ஜ் பண்ணுங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன் சலாமும் சொல்லவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. தலையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட, சேறு அப்பிய ஷூவோடு, சற்று முன்புதான் துடைத்திருந்த தரையில் நின்று உத்தரவு போட்டான். யும்னா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து ஒரு நொடி பார்த்தாள்... பிறகு திரைக்கே திரும்பிவிட்டாள்.

"யாருங்க நீங்க?"

"இஃப்திகார். புது சைட் இன்ஜினியர். இன்னைக்குத்தான் ஜாயின் பண்ணேன்."

"நல்லதுங்க. இந்த லைனுக்கு எல்.சி. எடுத்தது சுரேஷ் அண்ணன். அவரு வரட்டும், போட்ருவோம்."

அவ்வளவுதான். ஏதோ பஸ் ஸ்டாண்டில் பரமக்குடி வண்டி எப்போது என்று கேட்டவனுக்குப் பதில் சொன்ன தோரணை. இஃப்திகாருக்குச் சுருக்கென்றது.

உத்தரகோசமங்கைக்குத் தெற்கே சீமைக்கருவேலங்காட்டை வெட்டிச் சாய்த்துப் போட்ட சோலார் பிளான்ட் அது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கண்ணாடித் தகடுகள். அங்கே விளைகிற கரண்ட் அத்தனையும் வந்து சேரும் கண்ட்ரோல் ரூமில் காலை ஷிப்ட் யும்னாவுடையது. லைனில் ஆள் ஏறி வேலை பார்க்க வேண்டுமென்றால், முதலில் கரண்டை நிறுத்தச் சொல்லி ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். அதுதான் எல்.சி. வேலை முடிந்ததும், வாங்கியவரே வந்து திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி சுவிட்சைப் போடலாம். அவருக்குப் பதிலாக அண்ணன் வந்தாலும் ஆகாது, மாமன் வந்தாலும் ஆகாது, மந்திரியே வந்தாலும் ஆகாது. மேலே இருப்பது உயிர் அல்லவா?

"இங்க பாருங்க மேடம், நானே கண்ணால பாத்துட்டுத்தான் வாரேன். எல்லாரும் இறங்கியாச்சு. சுரேஷ் டீ குடிக்கப் போயிருக்காரு."

"குடிச்சிட்டு வரட்டும்."

"மழை விட்டு வெயில் அடிக்குது. ஒவ்வொரு நிமிஷமும் நட்டம்."

"இது ராமநாதபுரம் சார். வெயிலுக்கா பஞ்சம்? மழைதான் அதிசயம். அதைக் கொஞ்ச நேரம் நின்னு பாருங்களேன்."

"நான் மஸ்கட்ல இதவிடப் பெரிய பிளான்ட் பாத்துட்டு வந்தவன்."

"அப்படியா... அங்கன எல்.சி. கிடையாதா?"

இஃப்திகார் தன் சேற்று ஷூவைக் குனிந்து பார்த்தான். கிடையாதா என்ன? இங்கேயாவது டீக்கடை வரை போக விடுவார்கள். அங்கே எல்.சி. எடுத்தவன் அசையவே கூடாது.

"அந்த நாற்காலில உக்காராதீங்க, நனஞ்சிரும். ஸ்டூல் இருக்கு பாருங்க" என்றாள் யும்னா, திரும்பாமலே.

என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு... என்று நினைத்துக்கொண்டேதான் ஸ்டூலில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அவள் முகம் பாதி தெரிந்தது. கறுப்பு முக்காடு, அதற்கு மேல் மஞ்சள் ஹெல்மெட், அதற்குக் கீழே சுர்மா மை தீட்டிய கண்... அந்தக் கண் திரையில் ஓடும் எண்களைப் பின்தொடர்ந்து போகிற அழகை அவன் பார்த்திருக்க வேண்டாம். பார்த்துவிட்டான்.

சுரேஷ் வந்தார். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் இறங்கியாயிற்று, கருவிகளையும் எடுத்தாயிற்று என்று தன் வாயால் சொன்னார். யும்னா சுவிட்சைப் போட்டாள்.

"பாத்தீங்களா?" என்றான் இஃப்திகார், எழுந்து நின்று. "நான் சொன்னது சரிதானே?"

"சரிதான் சார்."

"அப்புறம் என்ன?"

இப்போதுதான் அவள் முழுசாகத் திரும்பினாள். அவனுடைய இமையில் இன்னும் ஒரு மழைத்துளி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு வந்து சொன்னாலும் இதேதான் சொல்லுவேன். நீங்க சரியாவே சொன்னாலும்."

இஃப்திகார் கதவைத் தள்ளினான். வெளியே போய் மறுபடி லேசான தூறலில் நின்றான். கோபப்பட வேண்டும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை.

*

இரண்டு பேருக்கும் ஊர் கீழக்கரைதான். அவள் மேலத்தெரு, அவன் கிழக்குத்தெரு. படித்து முடித்ததும் விமானம் ஏறிவிட்டவனை அவள் பார்த்ததில்லை, அவளை அவனும் பார்த்ததில்லை. இப்போது கம்பெனி பஸ்ஸில் தினமும் பார்க்க வேண்டியதாயிற்று. அவள் முன்வரிசை, அவன் பின்வரிசை. பஸ் கிளம்பும்போது அவள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள், சுரேஷ் அண்ணன் ஏறிவிட்டாரா என்று. சுரேஷ் அண்ணனுக்குப் பக்கத்து சீட்டை இஃப்திகார் ஏன் விடுவதே இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் எரிசக்தித் துறை வேலைவாய்ப்பு முகாம் போட்டார்கள். காற்றாலைக்காரர்கள், சோலார்காரர்கள், பேட்டரிக்காரர்கள் என்று வரிசையாக மேசை. இவர்கள் பிளான்ட்டுக்கும் ஒரு மேசை. ஆள் எடுக்க அதில் உட்காரச் சொல்லி மேலிடம் அனுப்பியது யாரை? யும்னாவையும் இஃப்திகாரையும். மேலிடத்துக்கும் கண் இருக்கிறது போலும்.

கீழக்கரையிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பெயர் மாஷிதா, பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம்.

"தம்பி, இதுக்கு விசா உண்டா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்ல லாத்தா. பஸ் உண்டு."

"விசா இல்லாத வேலையெல்லாம் ஒரு வேலையாப்பா?"

இஃப்திகார் விழித்தான். யும்னா நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணை உட்கார வைத்தாள்.

"உனக்கு என்ன புடிக்கும்? வெளிய வெயில்ல சுத்துறதா, உள்ள இருந்து கவனிக்கிறதா?"

"உயரமா ஏறப் புடிக்கும் லாத்தா" என்றாள் மாஷிதா, தாயைப் பார்க்காமல்.

"அப்ப காத்தாடிக்குப் போ. ஏறுறதுக்கு டிரெய்னிங் எடுத்துக்கிட்டா, தூத்துக்குடில இருந்து குஜராத் வரைக்கும் கூப்பிடுவாங்க. எங்க பிளான்ட்டுல டிரோன் விட்டுப் பழுது பாக்குற வேலை இருக்கு. கம்ப்யூட்டர் தெரிஞ்சா கண்ட்ரோல் ரூம். பயமில்லாம நாலு பேரை அதட்டத் தெரிஞ்சா சேப்டி ஆபீசர். எல்லாத்துக்கும் ஆள் கம்மி. ஆசைப்பட்டதை எழுது."

"நாலு பேரை அதட்டுறதுக்கு இவங்ககிட்டயே டிரெய்னிங் எடுத்துக்கலாம்மா" என்றான் இஃப்திகார்.

"அதட்டினா ஒழுங்கா ஸ்டூல்ல உக்காருவாங்களான்னு முதல்ல பாக்கணும்" என்றாள் யும்னா.

மாஷிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குனிந்து சிரித்தாள். சின்னப் பெண்ணுக்கே தெரிந்துவிட்டது.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் யும்னா எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்தாள். "கொஞ்ச நேரம் மேசையப் பாத்துக்கங்க. பக்கத்துல இன்டர்வியூ இருக்கு, எனக்கு."

"எதுக்கு?"

"குஜராத்ல, கட்ச் பக்கம் பெரிய பிளான்ட் வருதாம். ஷிப்ட் இன்சார்ஜ் போஸ்ட். கேட்டுப் பாக்குறேன்."

கேட்டுப் பார்க்கிறாளாம். போனாள், உட்கார்ந்தாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், அவர்களை நாலு கேள்வி திருப்பிக் கேட்டாள், வேலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வரும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து இஃப்திகாருக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடியே அதே நெஞ்சு பாரமாகவும் ஆனது.

"மாஷா அல்லாஹ்... போயிருவீங்களா?"

"பெருநாள் கழிஞ்சதும் வரச் சொல்லிருக்காங்க. போவேன்." பிறகு, கொஞ்சம் மெதுவாக, "ஏன்?"

"ஒண்ணுமில்ல. பஸ்ல முன்சீட்டு காலியா இருக்குமேன்னு பாத்தேன்."

அவள் சிரிக்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தாள்... அதில் கேலி இல்லை. அன்றைக்கு வீடு திரும்பும் வரை அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் கண்ணில் படவில்லை. இந்த மனுஷன் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?

*

அவன் பேசவில்லை. அவனுடைய உம்மா ஹமீதா பானு யும்னா வீட்டுக்கே பேச வந்துவிட்டார். ஒரு தாம்பாளத்தில் தொதல் அல்வா, கூட இரண்டு உறவுக்காரப் பெண்கள்.

கீழக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்த அன்றைக்கே வாப்பாவுக்கு அவள் பேரில் ஒரு வீடு கட்டுகிற கவலை பிறந்துவிடும். யும்னாவின் வாப்பா ஹாஜா முகைதீன் ஜித்தாவில் பாடுபட்டு, மேலத்தெருவில் மாடியோடு ஒரு வீடு கட்டி, மகள் பேரில் எழுதியும் வைத்திருந்தார். மாப்பிள்ளை வந்து குடியேற வேண்டியதுதான் பாக்கி.

"பொண்ணை எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றார் ஹமீதா பானு. "எம் மகன் வாயத் தொறந்து கேட்ட முதல் பொண்ணு. ஆனா ஒண்ணு... அந்த வடக்கத்தி வேலை வேணாம். மாப்புள்ள இங்கன வந்து இருக்கணும், பொண்ணு அங்கன போய் இருக்கணும்னா, அவன் இந்த வீட்டுல யார் முகத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கிறது?"

திரைக்குப் பின்னால் நின்ற யும்னாவுக்கு முதல் பாதி தேனாக இறங்கியது. அவன் கேட்டானாம். அவனே கேட்டானாம்... இரண்டாம் பாதி கசந்தது.

அவர்கள் போனதும் வாப்பா உள்ளே வந்தார். "நல்ல இடம்மா. வேலை இங்கனயும் இருக்குல்ல?"

"இங்கன நான் ஒரு ஆளு வாப்பா. அங்கன என் கீழ ஒரு ஷிப்டே இருக்கும். நானாப் போய் கேட்டு வாங்கின வேலை."

"ஊரு என்ன சொல்லும்?"

"இந்த ஊரு ஆம்பளைங்க எல்லாரும் கடல் தாண்டிப் போனவங்கதான். நீங்களும் போனீங்க. நான் கடலைக்கூடத் தாண்டல, ரயில்லதான் போறேன். நீங்க போனா பொழப்பு, நான் போனா தப்பா?"

ஹாஜா முகைதீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இளமை முழுக்க ஜித்தாவில் விட்டுவிட்டு வந்தவர் அவர். மகள் நடக்கப் பழகியதைக்கூடப் போட்டோவில்தான் பார்த்தார்.

"வேணாம்னு சொல்லிருங்க வாப்பா" என்றாள் யும்னா.  அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுதாள். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, உயிராகப் பிடித்திருந்தது. அதனால்தான் அந்த நிபந்தனை இப்படி வலித்தது.

மறுநாள் பஸ்ஸில் இஃப்திகார் சுரேஷுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. கடைசி சீட்டுக்குப் போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கண்ட்ரோல் ரூம் பக்கம் வரவில்லை. வேலை விஷயத்தைக்கூட வயர்லெஸ்ஸில்தான், அதுவும் சுரேஷை விட்டுத்தான் சொல்லவைத்தான். அவனுக்கு இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்ற ரோஷம். இவளுக்கு அவன் நிபந்தனை போட்டானே என்ற ரோஷம். இரண்டு ரோஷத்துக்கும் நடுவில் சுரேஷ் அண்ணன் பாடுதான் திண்டாட்டம்.

"ஏம்மா, எனக்கு லைன் வேலை தெரியும், தூது வேலை தெரியாது" என்று ஒரு நாள் வயர்லெஸ்ஸை யும்னாவின் மேசையில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

அன்று மாலை தகடுகளுக்கு நடுவில் இருந்த செம்மண் பாதையில் இஃப்திகாரை அவளே நிறுத்தினாள். வடக்கே மேகம் கட்டியிருந்தது.

"ஒரு கேள்வி சார். புடிச்சிருக்குன்னா புடிச்சிருக்குன்னு சொல்லணும். வேலையை விட்டா புடிக்கும்னு உம்மாகிட்ட சொல்லி அனுப்புறது எந்த ஊரு நியாயம்?"

"நானா?" அவன் முகம் வெளுத்தது. "நான் எப்ப அப்படிச் சொன்னேன்? பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாங்கன்னு மட்டும்தான் உம்மா சொன்னாங்க."

"கட்ச் வேலை வேணாம்னு உங்க உம்மாதான் சொன்னாங்க."

"அதுக்காக வேணாம்னீங்களா? அதுக்காக மட்டும்தானா?"

அந்த 'மட்டும்தானா'வில் எவ்வளவு ஆசை... யும்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதல் தூறல் விழுந்தது. "வேற எதுக்கு" என்றாள், அவனுக்குக் கேட்டதோ கேட்கவில்லையோ.

கேட்டிருக்க வேண்டும். தூறலில் நனைந்துகொண்டே வீட்டைப் பார்த்து ஓடினான், பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல்.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு இஃப்திகார் வந்துவிட்டான், தலையில் தொப்பியோடு, உம்மாவையும் கூட்டிக்கொண்டு. ஹமீதா பானுவின் முகம் உம்மென்று இருந்தது. வழியெல்லாம் வாக்குவாதம் நடந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

"வ அலைக்கும் ஸலாம். உக்காருங்க தம்பி."

"நம்ம ஊரு வழக்கம் என்ன மாமா? பொண்ணு வீட்டுக்கு மாப்புள்ள போகணும். அவ்வளவுதானே?"

"ஆமா..."

"நான் போறேன். பொண்ணு கட்ச்ல இருந்தா, கட்ச்சுக்குப் போறேன். வழக்கத்துல எங்கன குறை வந்துச்சு?"

ஹாஜா முகைதீன் திகைத்துப்போய்ப் பார்த்தார். ஹமீதா பானுவுக்குப் பொறுக்கவில்லை. "அது வீடாடா? கம்பெனிக்காரன் குடுக்கிற குவார்ட்டர்ஸ்."

"சாவி யார் பேருல குடுப்பாங்க உம்மா?"

ஹமீதா பானு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவங்க பேருலதானே? அவங்க சம்பாதிச்ச வீடு. அப்ப அது பொண்ணு வீடுதான்."

திரைக்குப் பின்னால் யும்னா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"உங்க வேலை என்னாகுறது தம்பி?" என்றார் ஹாஜா முகைதீன்.

"வெயில் அடிக்கிற ஊருல எனக்கு வேலை இல்லாமப் போகாது மாமா. அங்கன போயி நானே தேடிக்குவேன். அந்த அளவுக்குத் தொழில் தெரியும்." அதை அவன் பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். பிறகு உம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "உம்மா... வாப்பா மஸ்கட்ல இருந்தாங்க. நீங்க இங்கன இருந்தீங்க. லீவுல வந்த வாப்பாவைப் பாத்து, இந்த மாமா எப்பப் போவாருன்னு உங்ககிட்ட கேட்டேனாமே, நீங்கதானே சொன்னீங்க. நீங்க காத்துக் கெடந்த மாதிரி இன்னொரு பொண்ணு காத்துக் கெடக்க வேணாம். நானும் காத்துக் கெடக்க மாட்டேன். நான் கூடவே போறேன்."

ஹமீதா பானு கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அந்த நிபந்தனையைப் போட்டதே மகன் தனியாகக் கிடக்கக் கூடாது என்றுதான். தனிமை எப்படி இருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

பிறகு கேட்டார். "அங்கன மீன் கெடைக்குமாடா?"

"கட்ச்லயும் கடல் இருக்கு உம்மா."

"அப்ப சரி."

ஹாஜா முகைதீன் சுவரைத் தடவிப் பார்த்தார், தான் கட்டிய சுவரை. "நான் கட்டின வீடு பூட்டிக் கெடக்குமே தம்பி" என்றார். கேட்கும்போதே குரல் இளகியிருந்தது.

"பெருநாளுக்குப் பெருநாள் வந்து திறப்போம் மாமா. இன்ஷா அல்லாஹ்."

அப்போதுதான் திரை விலகியது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண் தானாக வெளியே வருவது அந்தத் தெருவில் யாரும் பார்க்காதது. யும்னா வந்தாள். அழுத கண்ணை அவள் துடைக்கக்கூட இல்லை. சுர்மா கன்னத்தில் இறங்கியிருந்தது, அப்படியும் அந்தக் கண்கள் அழகாக இருந்தன. நேரே வாப்பாவிடம் போனாள்.

"வாப்பா... எனக்கு இவரைப் புடிச்சிருக்கு. வேலை கெடைச்சது சந்தோஷம்னா, இவரும் கூட வாராருங்கிறது அதைவிடச் சந்தோஷம். இதை யாரும் எனக்காகச் சொல்ல வேணாம், நானே சொல்றேன்."

ஹாஜா முகைதீன் மகள் தலையில் கை வைத்தார். சரி என்று தலையை ஆட்டினார். ஹமீதா பானு எழுந்து வந்து, அந்தக் கன்னத்துச் சுர்மாவைத் தன் முக்காட்டாலேயே துடைத்துவிட்டார்.

இவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசிய இஃப்திகார் மட்டும் தரையில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சார், பேச்சையே காணோம்?" என்றாள் யும்னா.

"காதுல விழுந்தது நெசந்தானான்னு பாக்குறேன்... இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"கட்ச்சுக்கு வாங்க" என்றாள் யும்னா, "தினமும் சொல்றேன்."